ஏறுவதற்கு முன்பே களைத்த குதிரை

சென்ற மாதம் ஓர் இளம் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். நகரத்தின் மேற்கு ஓரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் குதிரைச் சவாரிப் பள்ளியில் வேலை செய்கிறார். அவருடைய கேள்வி நேரானது. வார இறுதியில் மட்டும் வருகிற ஒருவரிடம் துடிப்பான குதிரை இருக்கிறது. அவர் வந்து ஏறுவதற்கு முன் அதை எவ்வளவு நேரம் ஓடவிட்டு அடக்கி வைக்கலாம்? இருபது நிமிடமா, நாற்பதா?

எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஒரு காலத்தில் பதினைந்தில் தொடங்கி நாற்பது வரை போனவன் நான். நான்கு மாதம் அப்படியே நடத்தினேன். அதனால் என்ன ஆனது என்பதை, வார இறுதியில் பொழுதுபோக்காகக் குதிரை ஏறுகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் மாரெட்பள்ளிக்காரன். வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம். வீட்டில் யாரும் குதிரை ஏறியதில்லை. படிப்பு முடிந்ததும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியில் சேர்ந்தேன். பந்தயத் திடலிலிருந்து முடிவுகளைக் குறித்துவந்து, பிழையில்லாமல் அச்சுக்குக் கொடுக்கும் வேலை. எந்தக் குதிரை எத்தனை உடல்நீளம் முந்தி வென்றது என்று எழுதி எழுதி, குதிரைகளைப் பார்க்கும் பழக்கம் வந்தது. மூன்று வருடத்தில் பத்திரிகையை விட்டு, மௌலா அலி குன்று தெரிகிற தூரத்தில் இருந்த ஒரு சவாரிக் கிளப்பில் உதவிப் பயிற்சியாளர் ஆனேன். விழுந்ததும் எழுந்ததும் எல்லோருக்கும் நடப்பதுதான். முப்பத்தோரு வருடம் அங்கேதான் இருந்தேன்.

எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ராணுவக் குதிரைப்படையில் ரிசால்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் ரிசால்தார் சாப். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மணல் திடலின் ஓரத்தில் ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். குதிரை மேல் இருப்பவருக்கு அவர் சொல்வது கேட்க வேண்டுமானால், குதிரையை ஒழுங்காக வளைத்து அவர் பக்கம் கொண்டுவந்தாக வேண்டும். பல பேர் வட்டம் போடக் கற்றது அப்படித்தான்.

பாடம் தொடங்கும் முன் அவரிடம் ஒரு முறை இருந்தது. குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். குனிந்து நான்கு கால்களையும் முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்ப்பார். பிறகு சேணத்தை இழுத்துக் கட்டும் வயிற்றுப் பட்டைக்கு அடியில் உள்ளங்கையை விட்டு எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்ப்பார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம். அவர் நேரடியாக நடத்தும் வகுப்புகளில் மட்டும்தான் இது நடக்கும். உறுப்பினர்களின் சொந்தக் குதிரைகள் என் பொறுப்பில் இருந்தன.

சுமதியின் குதிரையும் அப்படி என் பொறுப்புக்கு வந்ததுதான்.

சுமதிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கோவில்பட்டிக்காரர். கணவர் வேலைக்காக ஹைதராபாத் வந்து, உப்பலில் வீடு. மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு. கிளப் குதிரைகளில் இரண்டு வருடம் கற்றிருந்தார். பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு செம்பழுப்புக் குதிரைக்கு உரிமையாளர் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆள் தேடுகிறார் என்று தெரிந்ததும், அதை ஏற்றுக்கொண்டார். பாதாம் என்று பெயர் வைத்தார்.

அவர் கற்க விரும்பியது டிரெஸ்ஸாஜ். இருபது மீட்டர் அகலமும் நாற்பது மீட்டர் நீளமும் உள்ள மணல் திடல். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். எந்தப் பலகையில் நடை, எங்கே ஓட்டம், எங்கே வட்டம், எங்கே நிறுத்தம் என்று முன்கூட்டியே வகுத்த வரிசையில் குதிரையைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண். வெளியிலிருந்து பார்த்தால் சவாரி செய்பவர் ஒன்றுமே செய்யாதது போலத் தெரிய வேண்டும். அதுதான் கடினம்.

பந்தயக் குதிரையிடம் ஒரு விஷயத்தைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஜாக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால், அந்தக் குதிரை அதன் மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடும். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். பயந்துபோன ஒருவர் அதை நிறுத்துவதற்காக வாரை இழுத்தால், போ என்று சொன்னதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வாரமே அது நடந்தது. காற்றில் ஒரு பிளாஸ்டிக் தாள் பறந்து வந்தது. பாதாம் துள்ளியது. சுமதி இழுத்தார். அது பாய்ந்தது. இன்னும் இழுத்தார். திடலின் வேலியைத் தாண்டி, பக்கத்தில் குழந்தைகள் வகுப்பு நடந்துகொண்டிருந்த இடத்தின் குறுக்கே ஓடியது. அவர்களில் யாருக்கும் அடிபடவில்லை. வாயில் அருகே விழுந்த சுமதிக்குக் காறை எலும்பு முறிந்தது.

கிளப் கமிட்டி கூடியது. செயலாளர் கடுமையானவர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. எலும்பு கூடிய நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் தந்தார். அதற்குள் சுமதி, ரிசால்தார் சாப் முன்னால் டிரெஸ்ஸாஜின் தொடக்க நிலைத் தேர்வைச் செய்து காட்ட வேண்டும். உரிமையாளரால் இந்தக் குதிரையைப் பாதுகாப்பாகக் கையாள முடியும் என்று தலைமைப் பயிற்சியாளர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குதிரை லாயத்தை விட்டுப் போக வேண்டும். வேறு கிளப் எதுவும் அதை எடுக்கத் தயாராக இல்லை. கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை அனுப்பும் ஒருவர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனார். "நல்ல உயரம்" என்றார். "பேண்டு சத்தத்துக்குப் பழக்கிக்கலாம்." பிளாஸ்டிக் தாளுக்குப் பயந்த குதிரை பேண்டுக்கும் வெடிக்கும் நடுவில் எப்படி நிற்கும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சுமதி கை சரியாகி வந்தபோது ஒன்றரை வாரம் பார்த்தேன். சேணத்தில் உட்கார்ந்ததுமே அவருடைய முழங்கைகள் இறுகின. பாதாம் காதைப் பின்னால் சாய்த்தது. இது ஆறு மாதத்தில் ஆகாது என்று தோன்றியது.

பாதாமைப் பார்த்துக்கொண்டவர் பாஷா பாய். எங்கள் ஊரில் சயீஸ் என்போம். தீனி, குளிப்பாட்டல், லாயம், எல்லாம் அவர் கை. அவரிடம் சொன்னேன்: "மேடம் வர்றதுக்கு முன்னாடி தினமும் லஞ்ச் பண்ணிடுங்க பாய். பதினஞ்சு நிமிஷம் போதும்." நீண்ட கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிடுவதைத்தான் லஞ்ச் என்கிறோம்.

"நக்கோ சாப், வேணாம்" என்றார் பாஷா பாய். "ஓடவெச்சா அடங்காது. மூச்சுதான் பெருசாகும். இன்னைக்குப் பதினஞ்சு, அப்புறம் அரை மணி கேட்கும்."

"குதிரை இங்கேயே இருக்கணுமா வேணாமா?"

அவர் கயிற்றை எடுத்தார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. இரண்டாவது மாதம் இருபத்தைந்து நிமிடம். நான்காவது மாதம் நாற்பது. ஓட ஓடக் குதிரையின் தெம்பு கூடியது. நான் நேரத்தைக் கூட்டினேன். சுமதி ஏழு மணிக்கு வரும்போது பாதாம் தலையைத் தாழ்த்தி நிற்கும். வியர்வையைத் துடைத்து, உலர்த்தி, சேணம் போட்டு வைத்திருப்போம். அவர் ஏறி வட்டம் போடுவார். அது வட்டம் போடும். நிறுத்துவார், நிற்கும். "கொஞ்சம் கொஞ்சமா என்னைப் புரிஞ்சிக்கிட்டான் சார்" என்று ஒருநாள் சொன்னார். நான் தலையாட்டினேன். அவருடைய கைகள் முதல் நாளைப் போலவேதான் இருந்தன. களைத்த குதிரை அதைப் பொறுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தபோது ஒரு காலையில் ரிசால்தார் சாப் எங்கள் பக்கம் வந்தார். சுமதி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார். சாப் வழக்கம்போலக் குதிரையைச் சுற்றினார். முன்னங்காலைத் தடவிய கை அங்கேயே நின்றது. இடது கால், பிறகு வலது, மறுபடி இடது. எழுந்து வயிற்றுப் பட்டைக்கு அடியில் கையை விட்டார். விரல்களைத் தேய்த்தார். காய்ந்த வியர்வையின் உப்பு.

"இன்னைக்கு இந்தக் குதிரைக்கு இது எத்தனாவது வேலை?"

"லேசா லஞ்ச் பண்ணினோம் சாப்" என்றேன்.

"லேசா" என்றார் அவர். பாஷா பாயிடம் எதுவும் கேட்கவில்லை. என் தவறுக்கு அவரைச் சாட்சியாக்காதது, அவருக்குச் சாப் காட்டிய மரியாதை என்று எனக்குப் புரிந்தது. என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் டீ குடிக்கப் போறேன். பத்து நிமிஷம். திரும்பி வரும்போது மேடமுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்."

அவர் போய்விட்டார். சுமதி என்னைப் பார்த்தார்.

"என்ன தெரிஞ்சிருக்கணும் சார்?"

சொன்னேன். எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றையும்.

"எப்பலேர்ந்து?"

"நீங்க கை சரியாகி வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"அப்போ நான் இவனை ஓட்டுறதா ஊருக்கு அனுப்பின வீடியோ எல்லாம்?"

"பாதாம்தான் மேடம். ஓடி முடிச்ச பாதாம்."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "நான் டெஸ்டிங்ல இருக்கேன் சார். பிழை வராத மாதிரி எல்லாத்தையும் முன்னாடியே ஏற்பாடு பண்ணிவெச்சிட்டு, பாஸ்னு எழுதுறவங்களை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கேன்."

"குதிரை போயிடக் கூடாதேன்னுதான்."

"அது தெரியுது. அதனாலதான் கத்த முடியல."

பாதாமின் இடது முன்னங்காலில் தசைநாண் சூடேறியிருந்தது. பத்து நாள் ஓய்வு என்றார் மருத்துவர். அந்தப் பத்து நாளும் சுமதி வந்தார். சாப் எங்கள் இருவரையும் இரண்டு நாற்காலியில் எதிரெதிராக உட்காரவைத்தார். ஒரு கடிவாளத்தைக் கொடுத்தார். வாரின் நுனிகள் சுமதி கையில். குதிரை வாயில் இருக்க வேண்டிய இரும்பு என் கையில். "கண்ணை மூடு" என்றார் என்னிடம். "இப்ப நீதான் குதிரை."

இருபது வருடம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த இரும்பைப் பிடித்துக் கண்ணை மூடி உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. சுமதி வாரைக் கையில் எடுத்த உடனே என் தோள் முன்னால் இழுபட்டது. அவர் இழுத்ததாகவே நினைக்கவில்லை. நான் எதிர்த்து இழுத்தேன். அவர் இன்னும் இழுத்தார்.

"குதிரையா இருக்கும்போதும் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டேங்கறீங்க சார்" என்றார் சுமதி. பாஷா பாய் வைக்கோலுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்.

சாப் சொன்ன பயிற்சி இதுதான். நான் இழுக்கும்போது, சுமதி தன் விரல்களை ஈரத்துணியைப் பிழிவது போல ஒருமுறை மூடி, உடனே திறக்க வேண்டும். மூடுவதைவிடத் திறப்பதுதான் முக்கியம். சாய்ந்துகொள்ள எதுவும் கிடைக்காதபோது குதிரை தன் தலையைத் தானே சுமக்கும். ஐந்தாவது நாள், கண் மூடியபடியே, அவர் விரல் திறந்த கணம் எனக்குத் தெரிந்தது. என் கை தானாகத் தளர்ந்தது.

பிறகு குதிரை மேல். ஓட்டம் கிடையாது, மூன்று வாரம் நடை மட்டும். நடையில் நான்கு காலடி. அதைச் சுமதி வாய்விட்டு எண்ண வேண்டும், ஏனென்றால் எண்ணுகிறவர் மூச்சை அடக்க முடியாது. குதிரை வேகம் கூட்டினால் வாரைத் தொடாமல் முதலில் மூச்சை வெளியே விட்டு, இடுப்பின் அசைவை மெதுவாக்க வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் வட்டத்தில் திருப்ப வேண்டும். நேர்கோட்டில் ஓடுவது சுலபம், வட்டத்தில் சிரமம். பயம் வந்தால் கை பிடித்துக்கொள்ள, குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் பட்டை. அதைப் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம். குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்குவதைவிட அது நூறு மடங்கு மேல். இதையெல்லாம் களைத்த குதிரையில் கற்கவே முடியாது, கற்க வேண்டிய அவசியமே அங்கே வராது. சுமதி பயந்தார். சில நாள் இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டார். ஒருநாள் ஏறவே இல்லை. கடைசி இரண்டு வாரத்தில்தான் டிராட் என்கிற இரண்டு தாள ஓட்டத்தைத் தொட்டோம். கேன்ட்டர், அதாவது அதைவிட வேகமான மூன்று தாள ஓட்டத்தை, மூன்றே முறை செய்து பார்த்தோம். இரண்டு முறை சரியாக வரவில்லை.

தேர்வு நாளன்று, நடுவர் சொல்வதை எழுதும் வேலை எனக்கு. சாப் நாற்காலியில், பக்கத்தில் நான், தேர்வுத் தாளுடன். பின்னால் செயலாளர். குளிர்ந்த காற்று. பக்கத்துக் காலி மனையில் போர்வெல் லாரி ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. இப்படியொரு நாளில்தான் பழைய நான் பாஷா பாயிடம் கயிற்றை எடுக்கச் சொல்லியிருப்பேன்.

சுமதி டிராட்டில் உள்ளே வந்தார். தேர்வு அப்படித்தான் தொடங்கும். பத்தடி வந்ததும் லாரி சீறியது. பாதாமின் முதுகு சேணத்துக்கு அடியில் வில்லாக உயர்ந்தது. சுமதியின் விரல்கள் மூடித் திறந்தன. பாதாம் நடைக்கு வந்தது. நடுவில் நின்று வணக்கம் சொன்னார்.

அடுத்து டிராட்டில் இடப்பக்கம் போக வேண்டும். அவர் நடையிலேயே போனார். டிராட்டில் வட்டம்; நடையில் போட்டார். கேன்ட்டர் வர வேண்டிய மூலையிலும் நடைதான்.

"செய்யவில்லை. பூஜ்யம்" என்றார் சாப். எழுதினேன். "பூஜ்யம்." எழுதினேன்.

"இது என்ன, காலை நடைப்பயிற்சியா?" என்றார் செயலாளர் பின்னாலிருந்து.

சாப் திரும்பவில்லை. தாளில் வரிசையாகப் பூஜ்யங்கள். ஒவ்வொன்றும் பாதாமை வாயிலை நோக்கி ஓரடி தள்ளுகிறது என்று எனக்குத் தெரியும். சுமதிக்கும் தெரியும். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு நிமிடத் தேர்வு பன்னிரண்டு நிமிடமாக நீண்டது. மூன்றாவது வட்டத்தில் பாதாமின் கழுத்து நீண்டது. மூக்கால் நீளமாக மூச்சு விட்டது. ஒரு காது பின்னால் திரும்பி, கேட்பது போலச் சுமதி பக்கம் நின்றது. லாரி மறுபடி சீறியபோது அது திரும்பிப் பார்த்தது. ஆனால் கால் தப்பவில்லை.

கடைசி அசைவு, திடலின் நடுக்கோட்டில் டிராட்டில் வந்து நிற்பது. சுமதி திரும்பினார். அங்கேதான் டிராட்டுக்குக் கேட்டார். பாதாம் கொடுத்தது. சத்தமில்லாத, அளவான டிராட். நான்கு காலும் சதுரமாக ஊன்றி நின்றது.

"ஏழு" என்றார் சாப்.

கூட்டிப் பார்த்துச் சொன்னேன். தேர்ச்சிக்குப் பாதிகூட வரவில்லை. செயலாளர் முன்னால் வந்தார். "அப்ப தெளிவாயிடுச்சு சாப். ஃபெயில்."

"ஃபெயில்தான்" என்றார் சாப். "குதிரை இங்கேதான் இருக்கும்."

"எப்படி?"

"மார்க்கைக் கேட்டீங்க, கொடுத்துட்டேன். பாதுகாப்பாக் கையாள்றாங்களான்னு கமிட்டி கேட்டது வேற கேள்வி. இன்னைக்கு இந்தக் குதிரை ஓட்டத்துக்குத் தயாரா இல்ல. அது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது. தயாரானதும் ஓட்டினாங்க. உங்க முன்னாடி, குதிரையையே இழக்கத் துணிஞ்சு. நானா இருந்தா கேன்ட்டர் பண்ணி விழுந்திருப்பேன்."

செயலாளர் தேர்வுத் தாளை வாங்கி இரண்டுமுறை பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சுமதி இறங்கினார். சேணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்து, "பாஷா பாய், காலைல இவனை யாராவது ஓடவெச்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். தண்ணி குடிச்சான், புல்லு தின்னான். அவ்வளவுதான்."

அதன் பிறகுதான் அவர் முகம் உடைந்தது. குதிரையின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அதன் பின்னும் அவர் என்னிடம்தான் கற்றார். ஆனால் பாதாம் இன்று எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வசந்தம் முழுக்க, கோடை முழுக்க, பாஷா பாயிடம்தான் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான். நான் குறை சொல்லவில்லை. மழை தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, பாஷா பாய் லாயத்துக்குள் இருந்தார், கூப்பிட்டால் வந்திருப்பார். சுமதி தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"இன்னைக்கு எப்படி இருக்கான் சார்?"

"நேத்து பூரா மழை. வெளியே விடல. உள்ளுக்குள்ள கொதிச்சிட்டு இருக்கான். இன்னைக்கு ஏறாதீங்க" என்றேன்.

அவர் ஏறவில்லை.